வெள்ளிக்கிழமை வாசகர்

எங்கள் ஊருக்குத் தண்ணீர் கடைசியாகத்தான் வரும். கல்லணையைத் திறந்துவிட்டார்கள் என்று தொலைக்காட்சியில் பூத் தூவிக் காட்டுவார்கள். அந்தத் தண்ணீர் பேராவூரணிக்கு வந்து சேர்வதற்குள் செய்தியே பழசாகியிருக்கும். நடுவில் இருக்கிற ஒவ்வொரு ஊர்க்காரரும் தன் மடையைத் திறந்து நிரப்பிக்கொண்டு மிச்சத்தை அனுப்புவார். அப்பா விவசாயம் பார்த்த காலம் முழுக்க மேலே இருப்பவர்களைத் திட்டிக்கொண்டேதான் சோறு சாப்பிட்டார். அந்த வீட்டில் வளர்ந்ததால் எனக்கு முன்னால் யாரோ எடுத்துவிட்டார்கள் என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. கல்யாண வீட்டில் இரண்டாவது பந்தியில் உட்கார்ந்தால், முதல் பந்திக்கு என்ன பாயசம் போட்டார்கள் என்று விசாரிப்பேன்.

இந்தப் புத்தியோடுதான் நான் புத்தகக் கடைக்கும் போய்வந்தேன்.

தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் அந்தப் புத்தகக் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை சின்னது. படிக்கட்டு அதைவிடச் சின்னது. கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர், ஒருநாள் போதும் என்று கிளம்பி வந்து இந்தக் கடையைப் போட்டார். நான் அவரைத் தம்பி என்பேன். அவர் என்னை அக்கா என்பார். கடைக்கு வருகிற எல்லாப் பெண்களையும் அவர் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைக் கேட்கும்போதெல்லாம் ஒரு சின்ன வருத்தம் வரும்.

கடையின் பின்சுவரில், தக்காளி வருகிற நீல நிறப் பிளாஸ்டிக் டிரேக்களைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் அடுக்கி வைத்திருந்தார். நிரந்தர வாசகர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு டிரே. பெயர் எழுதமாட்டார். ஊரோ தொழிலோதான். மயிலாடுதுறை என்று ஒன்று. சுவாமிமலை என்று ஒன்று. அது அங்கே சிலை வார்க்கிற பட்டறைக்காரர் ஒருவருடையது. பேராவூரணி என்பது என்னுடையது. புதிய புத்தகங்கள் வந்தால் யாருக்கு எது பொருந்துமோ அதை அவரவர் டிரேயில் போட்டு, தினசரி நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் ஒன்றிரண்டு வரி எழுதிச் செருகி வைப்பார். எடுத்துப் பார்க்கலாம். வேண்டாம் என்றால் வைத்துவிட்டுப் போகலாம். ஆறு வருடங்களில் நான் ஒன்றைக்கூட வைத்துவிட்டு வந்ததில்லை.

அந்தச் சீட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். "இதை ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஆரம்பிக்காதீர்கள், இறங்க மறந்துவிடுவீர்கள்" என்று ஒன்று. பஸ்ஸில்தான் ஆரம்பித்தேன். என் நிறுத்தம் தாண்டி இரண்டு ஊர் போய், எதிர்ப் பக்கம் நின்று அடுத்த வண்டி பிடித்துத் திரும்பினேன். "முதல் ஐம்பது பக்கம் எரிச்சல் வரும், அந்த மாமியாரை மட்டும் விட்டுவிடாதீர்கள்" என்று இன்னொன்று. அம்மா இறந்து ஒரு வருடம் ஆகாத சமயம் வந்த சீட்டில் இப்படி இருந்தது: "இதில் வருகிற அம்மா கடைசி வரை உயிரோடு இருக்கிறார். பயப்படாமல் படியுங்கள்." அம்மா இறந்ததைக் கடையில் நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, படிக்கட்டில் நடுவில் உட்கார்ந்து அழுதேன். மேலே ஏற வந்த இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் அப்படியே திரும்பி இறங்கிப் போனார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுப்பது என் வேலை. காலை முதல் யாரோ யாருக்கோ எழுதிய சீட்டைப் பார்த்து, யாருக்கோ மாத்திரை எண்ணிக் கொடுக்கிறேன். எனக்கென்று ஒருவர் சீட்டு எழுதுவது அந்தக் கடையில் மட்டும்தான். தேங்காய் வியாபாரம் பார்க்கும் என் வீட்டுக்காரர் கடைசியாகப் படித்த புத்தகம் பத்தாம் வகுப்புப் பாடப் புத்தகம். ஒவ்வொரு இரண்டாம், நான்காம் சனிக்கிழமையும் நான் பையோடு திரும்பி வந்தால், "என்ன, உன் டாக்டர் இந்தத் தடவ என்ன மருந்து எழுதினாரு?" என்று கேலி செய்வார். எனக்கு அது கேலியாகவே படாது. என் மனசு எப்படி இருக்கிறது என்று உலகத்தில் ஒருவருக்குத் தெரிகிறது, அவர் என் புருஷனோ பிள்ளையோ இல்லை, மாடிக் கடைக்காரர் என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொள்வேன். நாத்தனாரிடம் வெளியே சொல்லியும் பெருமைப்பட்டிருக்கிறேன்.

எனக்குப் பொறாமை வந்தது போன வருடம். சொல்லப்போனால் ஒரு டிரேயைப் பார்த்து வந்தது. அதன்மேல் டயர் கடை என்று எழுதியிருந்தது. நான் போகிற சனிக்கிழமையெல்லாம் அது காலியாகவே இருக்கும். பாவம், இவருக்கு யாரும் ஒன்றும் எடுத்து வைப்பதில்லை என்று முதலில் நினைத்துக்கொண்டேன். ஒருநாள் அதன் அடியில் ஒரு சீட்டு மட்டும் கிடந்தது. அடுத்தவர் கடிதத்தைப் படிக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். சீட்டு கடிதம் இல்லை என்று சொல்லிக்கொண்டு எடுத்தேன். இரண்டே சொல். "முதலில் நீங்கள்."

"தம்பி, டயர் கடைன்னு எழுதியிருக்கே, அது யாரு?" என்றேன், சாதாரணமாகக் கேட்பது போல.

"அவரா? நம்ம பாய்தான்க்கா. கீழவாசல் பக்கம் டயர் கடை வெச்சிருக்காரு. வியாழக்கிழமை பார்சல் வரும். அவரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிச்சிட்டு நேரா இங்கதான் வருவாரு."

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வியாழக்கிழமை பார்சல். வெள்ளிக்கிழமை பாய். சனிக்கிழமை நான். தலைமடையில் ஒரு ஆள் உட்கார்ந்து நல்லதையெல்லாம் பாய்ச்சிக்கொண்டு, மிச்சத்தைக் கீழே விடுகிறார். ஆறு வருடமாக நான் தலையில் வைத்துக் கொண்டாடிய புத்தகங்கள் எல்லாம் அவர் வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போனவை. வயிறு எரிந்தது. அன்றைக்கு என் டிரேயில் இருந்த இரண்டு புத்தகங்களை வாங்கினேன், ஆனால் சந்தோஷமாக வாங்கவில்லை.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகள் எனக்குப் பொல்லாத நாட்கள் ஆகின. தம்பி சாயங்காலம் பார்சல் பிரிக்கிற படத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடுவார். பாதி பிரித்த பழுப்புக் காகிதம், அதற்குள் ஐந்தாறு புத்தக முதுகுகள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, கலங்கிய எழுத்தை வைத்துத் தலைப்பு என்னவாக இருக்கும் என்று யூகிப்பேன். அதில் எது வெள்ளிக்கிழமை மதியத்தோடு போய்விடும் என்று கணக்குப் போடுவேன். குழம்பு அடிப்பிடிக்கும். "ஸ்டேட்டஸ்லயே படிச்சு முடிச்சிடுவ போலிருக்கு" என்பார் வீட்டுக்காரர்.

ஒரு வெள்ளிக்கிழமை விடுப்புப் போட்டேன். மாமியாருக்குக் கண் பரிசோதனை என்று எழுதிக் கொடுத்தேன். மாமியாருக்குக் கண் நன்றாகத் தெரியும். நான் எதற்குப் புதுப் புடவை கட்டிக்கொண்டு கிளம்புகிறேன் என்று வாசல் வரை வந்து பார்த்தார். பேராவூரணியிலிருந்து பட்டுக்கோட்டை, அங்கிருந்து ஒரத்தநாடு வழியாகத் தஞ்சாவூர். மதியத்துக்கு முன்பே போய் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் வந்தார். அறுபதை நெருங்கிய வயது. வெள்ளைச் சட்டை, கைலி, தலையில் தொப்பி. எவ்வளவு கழுவினாலும் போகாத கறுப்பு நக இடுக்கில். வந்ததும் என்னைப் பார்த்து, "உட்காருங்கம்மா, உட்காருங்க" என்றார். உட்கார்ந்திருந்தவள் எழுந்திருக்கவே இல்லை. எதற்கு அப்படிச் சொன்னார் என்று எனக்குக் கோபம் வந்தது. தம்பி முகம் அவரைப் பார்த்து மலர்ந்த விதம் அதைவிடக் கோபத்தைக் கிளப்பியது. எனக்கு ஒரு டீ சொன்னவர், பாய்க்கு டீயோடு சமோசாவும் சொன்னார்.

"இவங்கதான் பேராவூரணி அக்கா" என்றார் தம்பி.

"ஓ" என்றார் பாய். ஏதோ தெரிந்தவரைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். சமீபத்தில் படித்துத் தூக்கம் தொலைத்த ஒரு நாவலின் பெயரைச் சொல்லி, "படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். படித்திருக்கமாட்டார், நான் விளக்கலாம் என்ற ஆசை.

"நல்ல புத்தகம்மா. கடைசி அத்தியாயம் மட்டும் இல்லாம இருந்திருக்கலாம். அதுவரைக்கும் நம்மள நம்பின எழுத்தாளரு, கடைசியில நமக்குப் புரியாதுன்னு நெனச்சுட்டாரு."

அந்தக் கடைசி அத்தியாயத்தில் என்னமோ இடிக்கிறது என்று ஒரு மாதமாக எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. அது என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பஞ்சர் ஒட்டுகிற மனுஷர் சமோசாவைக் கடித்துக்கொண்டே சொல்லிவிட்டார். பஞ்சர் ஒட்டுகிற மனுஷர் என்று அன்றைக்கு நினைத்ததை இப்போது எழுதும்போதுகூட வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதித்தான் ஆக வேண்டும், அப்படித்தான் நினைத்தேன்.

மழைக்காலம் ஆரம்பிக்கிற சமயம் அந்தச் சனிக்கிழமை வந்தது. நான் போனபோது டயர் கடை டிரேயில் ஒரு புத்தகம் இருந்தது. முந்தின நாள் பாய் வரவில்லை; மயிலாடுதுறையில் தங்கை மகள் நிக்காஹ் என்று தம்பி சொன்னார். சொல்லிவிட்டு, கீழே லாரி சர்வீஸ்காரர் கூப்பிடுகிறார் என்று இறங்கிப் போனார். கடையில் நான் மட்டும்.

புத்தகத்தை எடுத்தேன். நான் கேள்விப்படாத பதிப்பகம், கேள்விப்படாத எழுத்தாளர். அட்டை கனமாக, மழமழவென்று இருந்தது. சீட்டில், "முதலில் நீங்கள். சீக்கிரம் சொல்லுங்கள்" என்று இருந்தது. கடையில் வேறு பிரதி இல்லை, தேடிப் பார்த்தேன். என் டிரேக்குப் போய்ப் பார்த்தேன். அதில் ஒரு சிறுகதைத் தொகுப்பு, அட்டை மூலை மடங்கியது. ஆறு வருடம் மழை வெயில் பாராமல் மூன்று மணி நேரம் பஸ்ஸில் வருகிறவளுக்கு மூலை மடங்கியது. ஊரில் இல்லாதவருக்கு, முதலில் நீங்கள்.

அந்தப் புத்தகத்தை என் பைக்குள் போட்டேன். சீட்டையும் சேர்த்துப் போட்டேன்.

இருபத்தைந்து வருட அரசு வேலையில் ஒரு தலைவலி மாத்திரையை நான் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. படித்துவிட்டு அடுத்த முறை திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்ததாகச் சொன்னால் நன்றாக இருக்கும். அப்படி நினைக்கவில்லை. ஒரு தடவையாவது எனக்குப் பிறகு அவர் படிக்கட்டும் என்றுகூட நினைக்கவில்லை. அவருக்குக் கிடைக்கக் கூடாது என்று நினைத்தேன். தம்பி மேலே வந்தபோது, மூலை மடங்கிய தொகுப்பை வாங்கிக்கொண்டு, "வர்றேன் தம்பி" என்று சிரித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஊர் வந்து சேர்ந்து ஆற அமர அந்தப் புத்தகத்தைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு பக்கம் ஓடவில்லை. ஒரு ஆள் ஒரு அறைக்குள் உட்கார்ந்து ஜன்னலைப் பற்றி யோசிக்கிறார். முப்பத்திரண்டாவது பக்கத்திலும் ஜன்னல்தான். பஸ் டிக்கெட்டை அங்கே அடையாளம் வைத்து மூடினேன். அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். திருடினதுதான் திருடினேன், பிடித்த மாதிரி ஒன்றைத் திருடியிருக்கக் கூடாதா என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

அதற்கடுத்த சனிக்கிழமை போனபோது என் டிரே காலியாக இருந்தது. பார்சல் தாமதமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கும் அடுத்த முறையும் காலி. மயிலாடுதுறை காலி, சுவாமிமலை காலி. ஆனால் அலமாரியில் புதுப் புத்தகங்கள் நிறைய இருந்தன. தம்பிக்குத் தெரிந்துவிட்டது, சொல்லாமல் தண்டிக்கிறார் என்று பயந்தேன். பயந்தால் எனக்கு வாய் நீளும்.

"என்ன தம்பி, பேராவூரணியை மேப்லேருந்து எடுத்துட்டாங்களா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மேஜை மேல் கிடந்த நாள்காட்டித் தாள்களை அடுக்கிக்கொண்டே, "பாய் வர்றதில்லக்கா" என்றார்.

"பாய் வரலன்னா என் டிரேக்கு என்ன?"

"அவருதானேக்கா உங்களுக்கு எதுன்னு சொல்லுவாரு."

எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர் எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்வது போலச் சொன்னார்.

"வர்றதையெல்லாம் நான் எங்கக்கா படிக்கிறது? பில்லு, பார்சல், கொரியர்னு உட்காரவே நேரமில்ல. கவிதை மட்டும் படிப்பேன். கதை, நாவல் எல்லாம் பாய்தான். முதல்ல அவரு கொண்டுபோய்ப் படிச்சிட்டு வந்து, இது பேராவூரணிக்கு, இது சுவாமிமலைக்காரருக்குன்னு பிரிச்சுக் குடுத்துட்டு, என்ன எழுதணும்னும் சொல்லுவாரு. என் கையெழுத்துதான் கொஞ்சம் நல்லா இருக்கும். அதனால நான் எழுதுவேன்."

என் காலி டிரேயைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீங்க ஒவ்வொரு தடவையும் வந்து, இது பிடிச்சுது, அது பிடிக்கலன்னு அரை மணி நேரம் சொல்லுவீங்கள்ல, அவரு அடுத்த வெள்ளிக்கிழமை வந்ததும் முதல்ல அதைத்தான் கேப்பாரு. ஒருதடவ, அம்மா செத்துப்போற புத்தகம் ரெண்டும் அந்தம்மாவுக்குப் பிடிக்கல, அவங்க வீட்டுல ஏதோ நடந்திருக்குன்னாரு. எனக்கு அதெல்லாம் தோணவே இல்லக்கா."

அன்றைக்கு எனக்கு முதலில் குற்ற உணர்ச்சி வந்திருக்க வேண்டும். வரவில்லை. முதலில் வந்தது பொறாமைதான், அதுவும் இதுவரை இல்லாத அளவுக்கு. ஆறு வருடச் சீட்டுகளும் என்னிடமிருந்து ஒரே நொடியில் பிடுங்கப்பட்டது போல இருந்தது. டாக்டர் வேறு ஆள். தம்பி என்னைப்போல ஜன்னலுக்குப் பின்னால் நின்று சீட்டுப் பார்த்து எடுத்துக் கொடுத்தவர். இருபத்தைந்து வருடம் அந்த வேலையைச் செய்தவளுக்கே அது தெரியவில்லை.

"ஏன் வர்றதில்ல அவரு?" என்றேன்.

"என் வாய்தான்க்கா காரணம். புதுசா ஒரு பதிப்பகம், ஒரே ஒரு பிரதி அனுப்பி, பத்து எடுத்துக்கிறீங்களான்னு கேட்டாங்க. பாய் டிரேல வெச்சேன். சனிக்கிழமை பொழுது சாஞ்சு பார்த்தா இல்ல. நான் டீ குடிக்கப் போன நேரம் வந்து எடுத்திருப்பாருன்னு இருந்துட்டேன். அடுத்த வாரம் கேட்டா, நான் எடுக்கலியேங்கிறாரு. நானும் விளையாட்டா, நீங்கதானே எடுப்பீங்க, உங்க டிரேல வேற யாரு கை வைக்கப் போறான்னு மூணு தடவ கேட்டுட்டேன். முகம் ஒருமாதிரி ஆயிடுச்சு. அன்னைக்குப் போனவருதான். போன் பண்ணா, கடையில வேலைங்கிறாரு."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "சரி தம்பி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று வந்தது. காலிப் பையோடு வீட்டுக்குப் போனேன். டாக்டர் ஒன்றும் எழுதவில்லையா என்று வீட்டுக்காரர் கேட்டார். அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

இரண்டு வாரம் நான் பட்ட பாட்டைச் சொன்னால் யாருக்கும் இரக்கம் வராது, வரவும் வேண்டாம். ஒரு நேர்மையான மனுஷர், தன்னைத் திருடன் என்று ஒருவர் நினைத்துவிட்டாரோ என்று கீழவாசலில் உட்கார்ந்து குமைந்துகொண்டிருக்கிறார். புத்தகம் என் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. நான் சொன்னால் அந்த மாடிப்படியை இனிமேல் ஏற முடியாது. சொல்லாவிட்டால் ஏறலாம், காலி டிரேயைப் பார்த்துவிட்டு இறங்கலாம். இதில் எது எனக்கு லாபம் என்றுகூட யோசித்துப் பார்த்தேன். கடைசியில் ஒரு சனிக்கிழமை புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பட்டுக்கோட்டையில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது. அடுத்த பஸ் உடனே வந்து தொலைத்தது.

கடையில் தம்பி மட்டும் இருந்தார். புத்தகத்தை மேஜை மேல் வைத்தேன்.

"நான்தான் எடுத்தேன் தம்பி. திருடிட்டேன். அவருக்குப் போகக் கூடாதுன்னு எடுத்தேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் என்று பஸ்ஸில் வரும்போதே மனதைக் கட்டி வைத்திருந்தேன். அக்கா என்று கூப்பிடமாட்டார், கண்ணைப் பார்க்கமாட்டார், என் டிரேயில் ஒட்டிய தாளைக் கிழிப்பார். ஒன்றும் நடக்கவில்லை. அவர் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "அய்யய்யோ, அப்ப பாய்..." என்று சொல்லிக்கொண்டே புத்தகத்தை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டியும் மாட்டாமலும் படியில் இறங்கி ஓடினார். கடையைத் திறந்தபடி, என்னை நடுவில் நிறுத்திவிட்டு. என்மேல் கோபப்படக்கூட அந்த மனுஷருக்கு நேரமில்லை. அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது என்றால் நம்புவீர்களா?

கீழே சைக்கிள் கடைக்காரரிடம் மாடியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நானும் நடந்தேன். கீழவாசல் போகிற வழியில் மூன்று இடத்தில் நின்றேன். நான் போய்ச் சேர்ந்தபோது இருவரும் ஒரு பழைய லாரி டயர் மேல் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். தம்பி அழுதிருக்க வேண்டும், கண் சிவந்திருந்தது. பாய் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்கம்மா" என்று ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "தம்பி சொல்லிட்டாரு. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"சொல்லணும் பாய். நான் செஞ்சது..."

"முப்பத்திரண்டோட நிறுத்திட்டீங்க போல" என்றார், பஸ் டிக்கெட்டைக் காட்டி. "இது உங்களுக்குச் சரிப்படாதும்மா. நாலு பக்கம் பார்த்ததுமே தெரியுது. உங்களுக்கு வீட்டுல நாலு பேராவது இருக்கணும், யாராவது யாரையாவது திட்டணும். இது மயிலாடுதுறைக்காரருக்குப் போகும்."

தம்பி சிரித்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மன்னிப்புக் கேட்க வந்த இடத்திலும் என்னை எனக்கு முன்னால் அக்கு அக்காகப் பிரித்து வைக்கிறார். அவரைப் பற்றி எனக்கு ஒரு வரிகூடத் தெரியாது.

தம்பி டீ சொல்லப் போனார். நான் கேட்டேன்.

"உங்களுக்கு என்ன மாதிரி பிடிக்கும் பாய்?"

அதற்குள் ஒரு வண்டி வந்து காற்றுப் பிடித்துக்கொண்டு போனது. அதை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தெரியலையேம்மா. எதைத் திறந்தாலும் பத்தாவது பக்கத்துல, இது யாருக்கு ஆகும்னு மனசு ஓடிடுது. எனக்குன்னு படிச்சு ரொம்ப வருஷமாச்சு." கையிலிருந்த புத்தகத்தை மூடினார். "உங்களையெல்லாம் பார்த்தாத்தான்மா எனக்குப் பொறாமையா இருக்கும். உங்களுக்குன்னு ஒருத்தர் யோசிச்சு, உள்ள என்ன இருக்குன்னு தெரியாம கையில வாங்குறீங்க. எனக்கு ஒருத்தரும் ஒரு புத்தகம் எடுத்து வெச்சதில்ல."

அதைக் கேட்டதும் எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதினால் இந்தக் கட்டுரை அழகாக முடியும். எனக்கு வந்தது சந்தோஷம். இந்த மனுஷருக்கு என்மேல் பொறாமை! பட்டுக்கோட்டை வரைக்கும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து அதையே சப்புக்கொட்டிக்கொண்டு வந்தேன். பேராவூரணி பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் அவர் கடைசியாகச் சொன்னது காதில் விழுந்தது. ஆறு வருடமாக அவர் கொடுத்ததை வாங்கியவள் நான். திருடிய ஒன்றைத்தான் அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அவருக்கு ஒன்று நான் எடுத்து வைக்கிறேன் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

இப்போது அவர் பழையபடி வெள்ளிக்கிழமை வருகிறார். டிரேக்கள் நிறைகின்றன, என்னுடையதும்தான். தம்பி என்னை இன்னமும் அக்கா என்றே கூப்பிடுகிறார். நான் முன்பைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், அலமாரி அலமாரியாகப் பாய்க்கு ஒரு புத்தகம் தேடுகிறேன். இது அவருக்குத்தான் என்று தோன்றி நான்கு முறை ஒன்றை எடுத்துவிட்டேன். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து நின்று நான்கு பக்கம் புரட்டிப் பார்ப்பேன். நான்கு முறையும் அது எனக்குப் பிடித்த புத்தகமாகவே இருந்தது.